பேசறதுக்கு எதுக்குக் காசு?

“கவுன்சிலிங்னா என்ன, உட்கார்ந்து பேசறதுதானே? அதுக்குப் போய் ஆயிரம் ரூபாயா? எங்கிட்டச் சொல்லு, நான் கேக்கறேன்.”

மனநல சிகிச்சைக்கு எதிராக நம் வீடுகளில் சொல்லப்படுபவற்றில் இதுதான் மிகவும் அன்பான வாதம். கேலி செய்பவரோடு சண்டை போடலாம், பாசத்தோடு சொல்பவரிடம் என்ன பேசுவது? ஆனாலும் மறுத்துத்தான் ஆக வேண்டும். இந்த ஒரு பேச்சுக்குள் பல தவறான நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் நம்பிக்கை, பக்கத்தில் அன்பான ஆள் இருந்தால் போதும் என்பது. எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி., உள்ள ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். படுத்ததும் ‘கேஸை மூடினோமா’ என்று சந்தேகம். எழுந்துபோய்ப் பார்க்கிறார், ரெகுலேட்டர் மூடித்தான் இருக்கிறது. திரும்பிவந்து படுத்தால் மறுபடியும் அதே சந்தேகம். இந்த முறை கணவரை எழுப்புகிறார். “மூடியாச்சும்மா, நானே பார்த்தேன், தூங்கு” என்கிறார் அவர். பத்து நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடி கேள்வி. கணவர் செய்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அவர் உறுதி சொல்லும் ஒவ்வொரு முறையும், கேட்டால்தான் பதற்றம் அடங்கும் என்று அந்தப் பெண்ணின் மனம் கற்றுக்கொள்கிறது. ஆறு மாதத்தில் ஒரு தடவை சொன்னால் போதாது, ஐந்து தடவை சொல்ல வேண்டியிருக்கும். பிறகு, வெளியூர் போனால் கதவைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வார். இப்படி நோயின் சடங்கில் வீடே பங்காளியாகிவிடுகிறது.

1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதற்கு நேர் எதிரானதைச் செய்து பார்த்தார். கழுவிக்கொண்டே இருந்த நோயாளி அழுக்கு என்று அஞ்சியதைத் தொடவைத்தார், தொட்ட பிறகு கழுவவிடவில்லை. பதற்றம் ஏறியது, உச்சிக்குப் போனது, அப்புறம் தானாகவே இறங்கியது. இன்றைக்கும் ஓ.சி.டி.க்கு முன்னிலையில் உள்ள உளவியல் சிகிச்சை இதன் வளர்ந்த வடிவம்தான். இப்போது கட்டாயப்படுத்துவதில்லை. நோயாளியே தன் பயங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, சின்னதிலிருந்து ஏறிவருவார். கேஸை ஒருமுறை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படுக்கையறைக்குப் போக வேண்டும். கணவருக்கும் பாடம் உண்டு: “இது உன் நோய் கேக்கற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்லை” என்று அன்பு குறையாமல் சொல்லப் பழக வேண்டும். எந்த நண்பர் இதைச் செய்வார்? ஆறுதல் எதிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறதோ, அதைச் செய்துபார்க்கச் சொல்வதுதான் சிகிச்சை.

பேனிக் அட்டாக் வந்தவருக்கும் இதேதான். நெஞ்சு படபடக்கிறது, ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் இன்னொரு ஈ.சி.ஜி. சிகிச்சையாளர் அவரை ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வார், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார், சுழல் நாற்காலியில் சுற்றவும் விடுவார். மூச்சு முட்டுவதும் தலை சுற்றுவதும் சாவின் அறிகுறி அல்ல என்பதை உடம்பே கண்டுகொள்ள வேண்டும். அங்கே பேச்சு எவ்வளவு குறைவு என்று பார்த்தால் ஆயிரம் ரூபாய்க்காரர் அசந்துபோவார்.

இரண்டாவது, “மனசுவிட்டுக் கொட்டித் தீர்த்தா சரியாயிடும்.” இதைத் துறைக்காரர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். விபத்து, பேரிடர் நடந்த கையோடு பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை பரவலாக இருந்தது. 1997-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, தீக்காயம்பட்டவர்களிடம் இதைச் சோதித்தது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 விழுக்காடுதான். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் எத்தனையோ குழுக்கள் ‘கவுன்சிலிங்’ கொடுக்க வந்து இறங்கின. 2007-இல் பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட பேரிடர் மனநல வழிகாட்டுதல், இந்த ஒற்றை அமர்வு முறை வேண்டாம் என்றே சொன்னது. ஆக, வெறும் பேச்சுதான் மருந்து என்றால் அது இங்கே பலித்திருக்க வேண்டும். பலிக்கவில்லை. பேரிழப்புக்குப் பிறகு பெரும்பாலானோரைத் தேற்றுவது உறவும் ஊரும் அன்றாட வேலையும்தான். அந்த அளவில் ‘எங்கிட்டச் சொல்லு’ என்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் மீளாமல் தவிக்கிற மீதிப் பேருக்குத்தான் படிப்படியான, முறை தெரிந்த சிகிச்சை தேவை.

மூன்றாவது, “சோபாவுல படுக்கவெச்சு அம்மா அப்பாவைப் பத்தி வருஷக்கணக்கா கேப்பாங்க.” சினிமா கற்றுக்கொடுத்தது இது. ஃப்ராய்டின் வழியில் நெடுநாள் போகிற சிகிச்சை இன்றும் உண்டு, சிலருக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அந்தச் சோபாவை நகர்த்தியவரே உள்ளிருந்து வந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் உளப்பகுப்பாய்வாளராக இருந்த ஆரோன் பெக், மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற ஃப்ராய்டியக் கருத்தை நிரூபிக்கத்தான் ஆய்வில் இறங்கினார். நோயாளிகளின் கனவுகளில் அவர் தேடிய கோபம் அகப்படவில்லை, தோல்வியும் இழப்பும்தான் தென்பட்டன. 1960-களில் அவர் உருவாக்கிய சிகிச்சை பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும், வீட்டுப்பாடமும் உண்டு. ‘பாசிட்டிவ்வா யோசி’ என்ற உபதேசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்கிறவரிடம், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று வக்கீல்போலக் கேட்டு எழுதவைப்பார்கள்.

நான்காவது வாதம் படித்தவர்களுடையது: “இதெல்லாம் வேலை செய்யும்னு யார் நிரூபிச்சாங்க?” நல்ல கேள்வி. 1952-இல் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் இதையே கேட்டுத் துறையை உலுக்கினார். அதற்குப் பதிலாக ஆய்வுகள் குவிந்தன. 1977-இல் ஸ்மித், கிளாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நன்றாக இருந்தார். மனச்சோர்வைப் பொறுத்தவரை எந்த முறையானாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற ஒரு பழைய சர்ச்சையும் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஓ.சி.டி.க்கும் எதுவானாலும் சரி என்று கிளம்பக் கூடாது.

“மாத்திரை போட்டா போதும்” என்பவருக்கு ஒரே ஒரு கணக்கு. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், குணமான பிறகு மருந்தை நிறுத்திய மனச்சோர்வு நோயாளிகளில் சுமார் 76 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் நோய் திரும்பியது. பெக் முறைச் சிகிச்சையை முடித்துக்கொண்டவர்களில் அது சுமார் 31. இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மனச்சிதைவுக்கும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும் மருந்துதான் அடித்தளம், கடும் மனச்சோர்வுக்கும் பல நேரங்களில் அது வேண்டும்.

கடைசியில் வருவது, “இது வெள்ளைக்காரன் சமாச்சாரம், இங்கிலீஷ் பேசறவங்களுக்கு.” இதற்குப் பதில் லண்டனில் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், பிரசவத்தையொட்டி மனச்சோர்வில் விழுந்த தாய்மாரைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிப்போய்ச் சந்தித்தார்கள். ‘உனக்கு மனநோய்’ என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும் என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். அதற்கு எந்த மாமியார் மறுப்பு சொல்வார்? குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்தத் தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது, இந்த முறை கிடைக்காத மற்றக் குழுவில் 53. 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது இது.

கோவாவில் சங்காத் என்ற அமைப்பு செய்தது இன்னும் பக்கத்துச் செய்தி. மனநலத் துறையைச் சேராத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி, நாற்பது நிமிஷம். ‘மனசு சரியானதும் வேலையைப் பாக்கறேன்’ என்கிறவரிடம், வேலையைத் தொடங்கு, மனசு பின்னால் வரும் என்பதுதான் அந்த முறையின் சாரம். காலையில் குளிப்பது, கோயிலுக்குப் போவது, அக்காவுக்கு போன் போடுவது என்று சின்னச் சின்னதாகத் திட்டமிட்டு, செய்ததைக் குறித்து வர வேண்டும். மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39.

என்னால் மறுக்க முடியாத வாதம் ஒன்று உண்டு: “சரி, எங்கே போறது?” 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அது தொடக்கம்தான், எட்டு வாரச் சிகிச்சை அல்ல. தெருவுக்குத் தெரு ‘கவுன்சிலர்’ போர்டு தொங்குகிறது. முதல் சந்திப்பிலேயே உங்கள் படிப்பு என்ன, எனக்கு எந்த முறையில் செய்யப்போகிறீர்கள், எத்தனை வாரம், தேறுகிறேனா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். “பேசுவோம், பார்க்கலாம்” என்று பதில் வந்தால், ஆயிரம் ரூபாய்க்காரர் சொன்னது அந்த அறையைப் பொறுத்தவரை சரிதான், எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரையோடு பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையில் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் ஒன்பது கேள்வித் தாள் ஒன்றையும் வைத்து, கோவாவில் கொடுத்த பயிற்சியையும் கொடுப்பதற்கு அரசுக்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.