புகையும் மூச்சும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் செல்லும் வழியில் உள்ள உச்சிப்புளி வட்டாரம் பனைமரத்துக்குப் பேர்போனது. பருவம் வந்துவிட்டால் ஆண்கள் பதநீர் இறக்குகிறார்கள். பெண்கள் அதை மணிக்கணக்கில் காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறார்கள். மாவட்டத்தின் பிற பகுதிகளில் வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண்பூசி மூடி, கரிமூட்டம் போடுவது பல குடும்பங்களின் பிழைப்பு. இரண்டு தொழிலிலும் சோறு உண்டு. இரண்டிலும் புகையும் உண்டு. வீட்டுக்குத் திரும்பினாலோ, அங்கேயும் பலருக்கு விறகடுப்பும் ஊதுகுழலும்தான்.

இந்தப் பெண்களில் ஒருத்திக்கு ஐம்பது வயதில் இருமல் வருகிறது. சளி கட்டுகிறது. பிறகு குடம் தூக்கினால் இளைக்கிறது. "வயசாகிவிட்டது, வேறென்ன?" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அவளும் அதை நம்பிவிடுகிறாள். இந்த நம்பிக்கை தவறு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மாதக்கணக்கில் விடாத இருமலும், வருஷத்துக்கு வருஷம் கூடிவரும் இளைப்பும் வயதின் கோளாறு அல்ல. அவை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். 2021-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் மக்கள் இந்நோயால் மாண்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பீடியும் சிகரெட்டும் இதற்கு முக்கியக் காரணம் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் நம்மைப் போன்ற நாடுகளில் பீடியைத் தொட்டும் பாராத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் இது வருகிறது என்பது போதிய அளவு பரவாத செய்தி.

புகை உள்ளே போய் என்னதான் செய்கிறது? விஞ்ஞானிகள் கண்டறிந்த விடைகளில் ஒன்று மிகவும் சுவையானது. நம் உடம்பே ஒரு வாயுவைத் தயாரித்துக்கொள்கிறது. அதற்கு நைட்ரிக் ஆக்ஸைடு என்று பெயர். பல் பிடுங்கும்போது மயக்கத்துக்குத் தரும் சிரிப்பூட்டும் வாயு வேறு, இது வேறு. மோட்டார் வண்டிப் புகையில் வெளிவரும் இதே வாயு, சில நொடிகளே உயிர்வாழும் தூதனாக நம் இரத்தக் குழாய்களிலும் வேலை செய்கிறது என்பதை முதலில் பலரும் நம்பவில்லை. அதைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானிகளான பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அளவாக இருக்கும்வரை இந்த வாயு நமக்கு நண்பன். இரத்தக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மூச்சுக் குழாயையும் விரியச் செய்கிறது. கிருமிகளை எதிர்க்கவும் உதவுகிறது. புகையோ இந்த அளவைக் கெடுத்துவிடுகிறது. நுரையீரலில் அழற்சி உண்டானதும், அழற்சிக் காலத்தில் மட்டும் விழித்தெழும் ஒரு நொதி இவ்வாயுவை அளவு மீறிச் சுரக்கிறது. மிகுந்த வாயு, புகையினால் பெருகிய வேறொரு ஆக்ஸிஜன் கழிவுடன் கூடி, திசுக்களை அரிக்கும் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதே சமயம் இரத்தக் குழாயின் உட்சுவரில் சுரக்க வேண்டிய நல்ல பங்கு குறைந்துபோகிறது. குழாய்கள் தடித்து இறுகுகின்றன. இருதயத்தின் வலப்பக்கம் பாரம் தாங்காமல் களைக்கிறது. ஓரிடத்தில் மிகுதி, மற்றோரிடத்தில் பஞ்சம்! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது?

அப்படியானால் இவ்வாயுவை வெளியிலிருந்து கொடுத்தால் தீராதா என்று கேட்கலாம். பிறந்த குழந்தைகளுக்கு வரும் ஒருவகை நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கு அதைச் சுவாசிக்கக் கொடுப்பது 1999 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. அடைப்பு நோயாளிக்கு அது எளிதில் ஒத்துவருவதில்லை. காற்றே புகாத பகுதிகளிலும் குழாய்கள் விரிந்து, இரத்தம் அங்கே வீணாகப் பாய்ந்து, பிராணவாயு குறைந்துவிடக்கூடும். வேண்டாத நொதியை அடக்கினால் சிதைந்த நுரையீரல் தேறுகிறது என்று ஜெர்மனியின் கீசென் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் காட்டினார்கள். ஆனால் அது எலிகளில். மனிதருக்கான மருந்தாக அது இன்னும் கைக்கு வரவில்லை.

கைக்கு வந்திருப்பது பரிசோதனை. வெளிவிடும் மூச்சில் இந்த வாயு எவ்வளவு என்று அளக்கும் கருவி இருக்கிறது. ஆஸ்துமா வகை அழற்சி உண்டா, உறிஞ்சும் மருந்து பலன் தருமா என்று கணிக்க அது டாக்டருக்கு உதவும். ஆனால் புகை பிடிப்பவரிடம் அளவு குறைவாகக் காட்டும். அதை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. அடைப்பு நோயைத் தெரிந்துகொள்ள முதலில் வேண்டியது அதைவிட எளிய கருவி. ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளக்கும் ஸ்பைரோமீட்டர்தான் அது. ஊதுகுழலில் காலமெல்லாம் ஊதிய பெண்ணுக்கு, இந்தக் குழாயில் ஒரு தடவை ஊதும் வாய்ப்பாவது கிடைக்க வேண்டாமா?

இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்க வழிசெய்தது. இந்த நல்ல காரியங்களோடு இருமலையும் இளைப்பையும் சேர்த்து விசாரிப்பது பெரிய செலவல்ல. கருப்பட்டி காய்ச்சும் கொட்டகைக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பும், கரிமூட்டத் தொழிலாளிக்கு நல்ல முகமூடியும், ஆண்டுக்கு ஒருமுறை மூச்சுப் பரிசோதனையும் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். 2016-ல் வந்த உஜ்வலா திட்டத்தால் கேஸ் அடுப்பு பல ஏழை வீடுகளுக்குள் நுழைந்தது உண்மை. ஆனால் காலியான சிலிண்டரை நிரப்பப் பணமில்லாவிட்டால், மறுபடியும் விறகுதான் அடுப்பில் ஏறும். உதவி இணைப்போடு நின்றுவிடக் கூடாது.

வீட்டாரும் செய்யவேண்டியது உண்டு. பீடியை விடுங்கள். அடுப்படியின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கூடுமானால் அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். சிதைந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க முடியாவிட்டாலும், புகையை நிறுத்தினால் நோயின் வேகம் தணியும். உறிஞ்சும் மருந்து மூச்சை இலகுவாக்கும். ஆகவே, உங்கள் வீட்டில் தாயாரோ பாட்டியோ மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தால், வயதின் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.