மலைநாட்டு வோட்டும் அபேட்சகரின் இனமும்

அபேட்சகர் எந்த இனத்தவர் என்று பார்த்துத்தான் ஜனங்கள் வோட்டளிக்கிறார்களா? இக்கேள்விக்கு விடைகாண விரும்புவோர் நாமக்கல் ஜில்லாவில் கொல்லிமலை மீதுள்ள வாழவந்தி நாட்டின் நிலைமையைச் சற்று ஆராய்வார்களாக. அந்நாட்டு வோட்டர் இரு வேறு விதிகளின் கீழ் வோட்டளிக்கிறார். சட்டசபைத் தேர்தலில் அவர் சேந்தமங்கலம் தொகுதியைச் சேர்ந்தவர். அது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியாதலால், அபேட்சகர் அனைவரும் பழங்குடியினரே. பார்லிமெண்டுத் தேர்தலிலோ அவர் நாமக்கல் என்னும் பொதுத் தொகுதியைச் சேர்ந்தவர். அத்தொகுதியில் 2009 முதல் 2024 வரை நடந்த நான்கு பொதுத் தேர்தல்களிலும் வென்றவர்கள் சமவெளியைச் சேர்ந்தவர்களே.

இதைக் கண்டு, "சமவெளியார் மலைவாசிக்கு வோட்டளிக்க மாட்டார்கள், அதனால்தான் இந்நிலை" என்று கூறுவாரும் உளர். அவ்வாறு முடிவு கட்டுவது அவசரமாகும். மலைவாசி ஒருவரைப் பெரிய கட்சியொன்று பொதுத் தொகுதியில் நிறுத்தி, ஜனங்கள் அவரை நிராகரித்திருந்தாலன்றோ பழி வோட்டரைச் சாரும்? நிறுத்தப்படாதவரை வோட்டர் எங்ஙனம் தேர்ந்தெடுப்பார்?

இனப்பற்று வோட்டைத் தீண்டுவதில்லை என்று நாம் சாதிக்கவில்லை. 1886-இல் தாதாபாய் நௌரோஜி லண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். 1888-இல் பிரதம மந்திரி ஸாலிஸ்பரி பிரபு அதைக் குறிப்பிட்டு, கறுப்பு மனிதரொருவரைத் தங்கள் பிரதிநிதியாக ஏற்குமளவுக்கு ஆங்கில வோட்டர்கள் வந்துவிட்டார்களா என்பது ஐயமே என்னும் கருத்துப்படப் பேசினார். எனினும் லிபரல் கட்சியார் நௌரோஜியைக் கைவிட்டாரில்லை. 1892-இல் மத்திய பின்ஸ்பரி வோட்டர்கள் அப்பெரியாரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிப் பிரபுவின் ஐயத்தைப் போக்கினார்கள். வித்தியாசம் 5 வோட்டுகளே; ஆயினும் வெற்றி வெற்றியே.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1957-இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் இரட்டை அங்கத்தினர் தொகுதியாயிருந்தது. இரு ஸ்தானங்களுள் ஒன்று பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தல் முடிவில் இரண்டையுமே பழங்குடியினர் இருவர் பெற்றனர். பின்னாளில் ராஷ்டிரபதியான வி. வி. கிரி தோல்வியுற்றார். பழங்குடி அபேட்சகர் பொது ஸ்தானத்தைப் பெறுதல் கூடாதென்று அவர் தொடுத்த வழக்கை 1959-இல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. ஒதுக்கீடு என்பது பழங்குடியினருக்குக் கட்டப்பட்ட வேலியன்று, பொது ஸ்தானமும் அவர்களுக்கு உரியதே என்பது இதனால் உறுதியாயிற்று. இரட்டை அங்கத்தினர் தொகுதிகள் 1961-இல் ஒழிக்கப்பட்டன. அந்த உரிமை ஒழியவில்லை.

இனி, சேந்தமங்கலத்தின் குறையொன்றையும் மறைத்தல் தகாது. கொல்லிமலையின் ஜனத்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 40,000. தொகுதியின் வோட்டர்களோ இரண்டு லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள். ஆகவே அங்கத்தினர் பழங்குடியினராயினும், அவரை ஆக்குவதும் அழிப்பதும் சமவெளியின் வோட்டுகளே. போதாக்குறைக்கு, சட்டப்படி அவர் அம்மலையிற் பிறந்தவராயிருக்க வேண்டுமென்பதுமில்லை. ராஜ்யத்தின் எந்தப் பழங்குடியினராயினும் நிற்கலாம். இனம் ஒன்றாயிருப்பதனாலேயே மலையின் குறை சபையில் ஒலிக்கும் என்று நம்புவது பேதைமை.

இதற்குத் தனி வோட்டுரிமை மருந்தாகாது. மலையார் மலையாருக்கே, சமவெளியார் சமவெளியாருக்கே என்று பிரித்துவிட்டால், ஒருவர் குறையை மற்றவர் கேட்கவேண்டிய அவசியமே அற்றுப்போகும். 1932-இல் பூனா ஒப்பந்தம் தாழ்த்தப்பட்டோர் விஷயத்தில் கூட்டுத் தொகுதியையும் ஒதுக்கீட்டையும் இணைத்ததன் பொருள் இதுவே. சமவெளியார் மலையாரிடமும், மலையார் சமவெளியாரிடமும் வோட்டுக் கேட்டு வந்து நிற்றல் வேண்டும்.

இனத்தைக் காட்டி வோட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு ஜனப்பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழலாகும். அபேட்சகரின் இனம் மட்டுமன்றி வோட்டரின் இனத்தைச் சொல்லிக் கேட்பதும் குற்றமே என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்பளித்தனர். மேடையில் இனம் பேசலாகாது என்கிறது சட்டம். ஆனால் கதவடைத்துக்கொண்டு அபேட்சகர் பட்டியலைத் தயாரிக்கும் அறையில் கட்சித் தலைவர்கள் பேசுவது இனமன்றி வேறென்ன? தடுக்க வேண்டிய இடம் அதுவே.

தமிழ்நாட்டின் 234 ஸ்தானங்களில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமுமாகிய இரண்டே. மற்ற 232-இல் ஒன்றிலேனும் வெல்லத்தக்க இடத்தில் மலைவாசி ஒருவரை நிறுத்த எந்தக் கட்சி முன்வரப் போகிறது? இப்போதுள்ள அரசியல் சட்டப்படி சட்டசபை ஒதுக்கீட்டின் காலவரை 2030 ஜனவரியில் முடிகிறது. அதை நீட்டிப்பதா என்னும் விவாதம் எழும்போது, "இனம் பார்ப்பவர்கள் ஜனங்கள்" என்று தலைவர்கள் கைகழுவிவிட இடங்கொடுத்தலாகாது.

வாழவந்தி நாட்டு வோட்டர்களுக்கும் நாம் சொல்வதுண்டு. உங்கள் சட்டசபை அபேட்சகர்கள் யாவரும் பழங்குடியினரேயாதலால் இனம் பார்க்கும் கவலை உங்களுக்கில்லை. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டப்படி நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருவாரா, மலையேறி வந்து குறை கேட்பாரா என்று விசாரியுங்கள். பார்லிமெண்டுக்கு நிற்கும் சமவெளியாரையும் அதே கேள்விகளைக் கேளுங்கள். தக்க விடை தராதவர் எவ்வினத்தவராயினும் அவருக்கு உங்கள் வோட்டு இல்லை என்பதை உணர்த்துங்கள்.