பழைய ரிவால்வரும் பொது அமைதியும்

"ஒரு பழைய ரிவால்வர் விலைக்கு வருது தோழர், வாங்கலாமா?" தனி ஊராட்சியில் நின்று ஜெயித்த தோழர் ஒருத்தர் கேட்கிறார். மிரட்டல் தாங்க முடியவில்லை. விற்கிறவர் பழைய பண்ணை வீட்டு வாரிசு. .32 வெளிநாட்டு ரிவால்வர். கைப்பிடியை மாற்றித் தந்தம் பதித்து அதில் தாத்தாவின் சாதிப் பட்டத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். டிரிக்கரையும் லேசாக்கியாச்சாம், விரல் பட்டாலே போதும் என்று பெருமை வேறு. விலை லட்சக்கணக்கில். 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, நாட்டுக்குள் கிடக்கிற பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள்தான் கைமாறிக் கைமாறி விலை ஏறிக் கிடக்கின்றன.

இந்தக் கேள்வியைக் கேட்டதுமே நம்மைச் சுற்றியிருக்கிற முற்போக்குக் கனவான்களுக்கு வேர்த்துவிடுகிறது. "தலித்துகள் ஆயுதத்தைப் பற்றிப் பேசலாமா? சட்டம் இருக்கிறதே" என்கிறார்கள். சட்டம் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். கார் வைத்திருக்கிற பெரிய மிராசுகள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று வியந்து, அவர்களை விடுதலை செய்தது உயர் நீதிமன்றம். 1997 டிசம்பர் 1ஆம் தேதி பீகாரில் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா துப்பாக்கியோடு வந்து 58 பேரைக் கொன்றது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டனை பெற்றிருந்த 26 பேரையும் அனுப்பி வைத்தது. துப்பாக்கி ஊர்த்தெருவில் இருக்கிறவரைக்கும் அது கௌரவம், கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற சந்தோசம். சேரிப் பக்கம் அந்தப் பேச்சு வந்தாலே தீவிரவாதம். இது என்ன நியாயம்?

இவர்கள் படிக்காத ஒரு சட்டம் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதியை எடுத்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அரசு அடையாளம் கண்ட இடங்களில், தேவை என்று கருதினால் தலித், பழங்குடி அல்லாதவர்களுடைய ஆயுத உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் இது பொருந்தும். அந்த ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கடுத்த உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவை என்று கருதினால் தலித், பழங்குடி மக்களுக்கே ஆயுத உரிமம் வழங்கலாம். இதை எந்த இயக்கமும் இரவில் ரகசியமாக எழுதவில்லை, டெல்லியில் அரசே அரசிதழில் அச்சிட்டது. அது தாலுகா ஆபீசுக்கு வருவதற்குள் எங்கே தொலைந்து போச்சு?

1959 ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, போதுமான சொத்து இல்லை என்கிற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே பிரிவில் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்: 'பொது அமைதி' கருதி மறுக்கலாம். சேரிக்காரன் மனுவுக்குப் பதிலாக வருவது இந்த இரண்டு வார்த்தைதான். யாருடைய அமைதி ஐயா அது? 1878இல் லிட்டன் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டம் வெள்ளைத்தோலுக்கு விலக்குக் கொடுத்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் பிறப்பைப் பார்த்து விலக்குக் கொடுக்கிற வழக்கம் போகவில்லை. குடகு இனத்தாருக்கு உண்டான உரிம விலக்கை 2019இல் ஒன்றிய அரசு 2029 வரை நீட்டித்தது. குடகு மக்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஒரு பிறப்புக்குத் துப்பாக்கி பண்பாடு, இன்னொரு பிறப்புக்கு அதுவே அமைதிக்குப் பங்கம் என்றால் இங்கே உரிமம் கொடுப்பது மனுவா, மாவட்ட ஆட்சியரா?

இதைச் சொன்னதும் நம்ம பசங்க கை தட்டுவாங்க. "அப்போ வாங்கிட வேண்டியதுதானே?" வேண்டாம் என்கிறேன். இந்தத் துப்பாக்கி வேண்டாம்.

மேலவளவை நினைத்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் முருகேசன் பாதுகாப்புக் கேட்டிருந்தார். 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்புகையில் பேருந்தை மறித்து அரிவாளோடு ஒரு கும்பல் ஏறியது. அவர் தலையைத் துண்டித்தார்கள், கூட வந்தவர்களையும் வெட்டினார்கள். அந்தப் பஸ் நெரிசலில் இடுப்பில் ஆறு தோட்டா இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சினிமாவில் நடப்பது நடந்திருக்காது. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் தமிழக அரசே முன்கூட்டி விடுதலை செய்ததே, அதை எந்த ரிவால்வர் தடுக்கும்?

சரி, வாங்குகிற வழியைப் பார்ப்போம். உரிம மனு போட்டால் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை கேட்பார்கள். எந்த நிலையம்? உங்கள் புகாரை வாங்காமல் உட்கார வைத்த அதே நிலையம். உரிமம் கிடைத்தாலும் விற்கிறவர் உங்கள் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் தேர்தல் அறிவிப்பு வரும். உரிமத் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படை என்பார்கள். தனி ஊராட்சியில் மனுத்தாக்கல் பண்றவனுக்கு உயிர்ப்பயம் எப்போ? அந்த நாட்களில்தானே!

அந்த லேசான டிரிக்கர் இருக்கிறதே, அது பதறின கையில் தானாக வெடிக்கும். முதலில் சாவது நம்ம வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். நீதிமன்றத்தில் அதையே காட்டி, கொல்வதற்கென்றே திருத்திய ஆயுதம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பேசுவார். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. கல்லெறிக்கே கவுன்டர் கேஸ் போட்டுச் சமரசத்துக்கு இழுக்கிற ஊரில், குண்டு வெடித்தால் எந்தப் பிரிவை முதலில் எழுதுவார்கள் என்று சொல்லவா வேண்டும்? வரிசை எண் அழிந்திருந்தாலோ குழலை வெட்டிக் குட்டையாக்கியிருந்தாலோ அதற்குத் தனி வழக்கு. திருத்தம் செய்தவர் பண்ணையார், சிறைக்குப் போவது நீங்கள்.

சிறுத்தை என்கிற பெயரே நமக்கு அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து, 1972இல் பம்பாய் தலித் பேந்தர்ஸ் வழியாக வந்தது. அங்கேயும் இதே கதைதான். 1956இல் மான்ட்கோமரியில் வீட்டுக்குக் குண்டு வைத்த பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஆம், அதே அகிம்சை கிங்தான். 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கி ஏந்தி கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்தார்கள். சில வாரங்களில் அந்தச் சட்டத்தையே மாற்றிக் கையெழுத்துப் போட்டார் ஆளுநர் ரீகன். 2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்டீல் தன்னிடம் துப்பாக்கி இருக்கிறதென்று தானே போலீசிடம் சொன்னார். உரிமமும் இருந்தது. சுட்டுக் கொன்றார்கள். அதற்காக அங்கே ஆயுதம் பயனற்றுப் போனது என்று சொல்ல முடியாது. 1964இல் லூசியானாவில் தோன்றிய 'டீக்கன்கள்' அமைப்பினர் துப்பாக்கியோடு காவல் நின்று கிளான் கும்பலைத் தங்கள் தெருவுக்குள் வரவிடாமல் பண்ணினார்கள். கவனியுங்கள், அவர்கள் அமைப்பாக நின்றார்கள். தனியாளாக ஒருவர் இடுப்பில் செருகிய அலங்காரம் அல்ல அது.

நம்ம பெண்கள் என்ன சொல்றாங்கன்னும் கேட்கணும். 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரை வெளியிட்டது. விலை 1,22,360 ரூபாய். நாற்று நடுகிற எந்தப் பெண்ணுக்கு அது? சேரிப் பெண்ணிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வாள். "குடிச்சிட்டு வர்ற மனுசன் கைக்கு எட்டுற மாதிரி அத எங்க வைக்கிறது?" நம்ம அரசியல் மேடையில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அதனால் தோழர், அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ப் பண்ணையார் வீட்டில் கொட்டாதீர்கள். அவன் பாட்டன் பட்டம் செதுக்கிய கைப்பிடியை லட்சம் கொடுத்துப் பிடிக்க வேண்டுமா நம்ம கை? ஆனால் உரிம மனுவைப் போடுங்கள். நீங்கள் மட்டுமல்ல, உங்கள் சேரியில் மிரட்டப்பட்ட ஒவ்வொருத்தரும், பெண்களும் போடட்டும். மூன்றாவது விதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 18ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யுங்கள். 'பொது அமைதி' என்று அவர்கள் கையெழுத்துப் போட்டுத் தருகிற ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது 17ஆவது விதி. அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் சேர்ந்து போங்கள். இந்தத் தாலுகாவில் மொத்தம் எத்தனை உரிமத் துப்பாக்கி? எந்தெந்தத் தெருவில்? 1995இலிருந்து இன்றுவரை அதில் எத்தனையை ரத்து செய்தீர்கள்? சேரிக்கு எத்தனை கொடுத்தீர்கள்? வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அன்றைக்கே மனுப் போட்டுவிட்டு வாருங்கள்.