கேமரா பொய் சொல்லாது... மஞ்சள் விளக்கு?

போன மாசம் சித்தப்பாவோட பைக்கை ஒரு நாள் இரவல் வாங்கிட்டுப் போனேன். மூணு நாள் கழிச்சு அவர்கிட்டேர்ந்து போன்.

"டேய், அன்னிக்கு நான் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தேன். என் வண்டி மட்டும் தனியா கிளம்பிப் போய் சிக்னலைத் தாண்டியிருக்கு. எப்படிடா?"

அவர் போனுக்கு ஈ-சலான் வந்திருக்கு. போட்டோவுல என் முகம் தெரியலை, ஆனா முதுகுல இருந்த காலேஜ் பேக் பளிச்சுன்னு தெரியுது. மாட்டிக்கிட்டேன் :)

அபராதத்தை நான்தான் கட்டினேன். வலிச்சுது. ஆனாலும் சிக்னல்ல கேமரா வேணும்னு சொல்ற கட்சிதான் நான். "அடி வாங்கியும் புத்தி வரலையே"ன்னு திட்டாதீங்க. ஒரே ஒரு கண்டிஷன் இருக்கு, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, ஏன் வேணும்? கேமராகிட்ட "சார், ஸ்டூடண்ட் சார், விட்டுடுங்க சார்" எடுபடாது. "எங்க மாமா யாருன்னு தெரியுமா?"வும் எடுபடாது. பென்ஸ் காருக்கும் டிவிஎஸ் 50-க்கும் ஒரே சட்டம். ராத்திரி பதினொரு மணிக்கும் முழிச்சிட்டிருக்கும். சென்னையில 2019-லேயே அண்ணா நகர்ப் பக்கம் நம்பர் பிளேட்டைத் தானா படிக்கிற கேமராக்கள் வந்தாச்சு. சிவப்பு விழுந்தப்புறம் கோட்டைத் தாண்டினா படம் எடுத்து, நம்பரைப் படிச்சு, வண்டி யார் பேர்ல இருக்கோ அவருக்கு எஸ்.எம்.எஸ். பாவம், சித்தப்பா!

சரி, இதனால விபத்து குறையுதா? அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறை 2005-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. கேமரா வெச்ச 132 சந்திப்புகளைப் பார்த்தாங்க. குறுக்கே வர்ற வண்டி பக்கவாட்டுல மோதுற விபத்து 24.6% குறைஞ்சிருந்தது. ஆனா பின்னாடி வர்றவன் இடிக்கிற விபத்து 14.9% கூடியிருந்தது. அபராதத்துக்குப் பயந்து முன்னாடி போறவன் சடன் பிரேக் போட்டா வேற என்ன நடக்கும்? பக்கவாட்டுல மோதுறதுலதான் உயிர் அதிகமா போகுது. அதனால மொத்தமா லாப நஷ்டக் கணக்கு பார்த்தா லாபம்தான்னு முடிச்சிருந்தாங்க.

இப்ப மேட்டருக்கு வருவோம். சிவப்பு விளக்கை எல்லாரும் பார்க்கிறோம், மஞ்சளை யாரும் கண்டுக்கறதில்லை. ஆனா குற்றவாளி உருவாகுறதே அங்கதான்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர்னா நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மஞ்சளைப் பார்த்து மூளை "பிரேக்"னு சொல்ல ஒரு நொடி, அதுல 14 மீட்டர் போயிடும். அப்புறம் தடுமாறாம நிக்க இன்னும் 32 மீட்டர். ஆக 46 மீட்டர். அதுக்குள்ள வந்துட்டவன் நிதானமா நிறுத்த முடியாது, தாண்டித்தான் ஆகணும். 46 மீட்டரைத் தாண்ட 3.3 நொடி வேணும். அந்த ரோட்டுல மஞ்சள் 2.5 நொடிதான்னு வெச்சுக்கோங்க. அதுக்குள்ள 35 மீட்டர்தான் போக முடியும். அப்ப 35-க்கும் 46-க்கும் நடுவுல மாட்டினவன் என்ன பண்ணுவான்? நிக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. எவ்வளவு ஒழுக்கமானவனா இருந்தாலும் அவனுக்கு சலான் நிச்சயம்!

கற்பனை இல்லைங்க. சிகாகோ நகரத்துல 2003-ல சிவப்பு விளக்கு கேமரா ஆரம்பிச்சாங்க. ஒரு மீறலுக்கு 100 டாலர். அங்க மஞ்சள் குறைஞ்சது 3 நொடி எரியணும். 2014-ல கேமராவைப் பார்த்துக்கிற கம்பெனி மாறினப்போ, 2.9 நொடி எரிஞ்ச இடத்துல விழுந்த டிக்கெட்டையும் செல்லும்னு ஏத்துக்கிட்டாங்க. 0.1 நொடி, கண் சிமிட்டுற நேரம் கூட இல்லை. அந்த வருஷம் நகரத்தோட தலைமைக் கண்காணிப்பாளர் கணக்கெடுத்தப்போ, அதனால மட்டும் சுமார் 77,000 டிக்கெட், 77 லட்சம் டாலர்! விஷயம் வெளிய வந்தப்புறம்தான் நிறுத்தினாங்க.

அதோட முடியலை. முதல்ல ரெட்ஃப்ளெக்ஸ்ங்கிற கம்பெனி கான்ட்ராக்ட் வாங்கினதுக்குப் பின்னாடியே லஞ்சம் இருந்தது. அந்தத் திட்டத்தைக் கவனிச்ச நகரப் போக்குவரத்து அதிகாரி ஜான் பில்ஸுக்கு 2016-ல பத்து வருஷம் ஜெயில். கம்பெனியோட அமெரிக்கத் தலைவராயிருந்த அம்மாவும் உள்ள போனாங்க. கேமரா லஞ்சம் வாங்காது, கரெக்ட். கேமராவை வாங்குறவங்க?

நான் படிக்கிறது பி.காம். எங்களுக்கு சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே, யாருக்கு எதுக்குக் காசு கொடுக்கிறியோ அதுதான் கூடும். சேல்ஸ்மேனுக்கு விற்பனைக்குக் கமிஷன் கொடுத்தா விற்பனை கூடும். சலானுக்குக் கமிஷன் கொடுத்தா சலான் கூடும். விபத்து குறையுமான்னு கேட்டா... அதுக்கு யாருக்கும் காசு கொடுக்கலையே!

அதனால என் கண்டிஷன் இதுதான். கேமரா கம்பெனிக்கு மாச வாடகை மாதிரி ஒரே தொகை கொடுங்க, சலான் கணக்குல ஒரு பைசா கூடாது. ஒவ்வொரு சிக்னல்லயும் மஞ்சள் எத்தனை நொடின்னு வெளிய சொல்லுங்க, சலான்லயும் அச்சடிங்க. கேமரா வெச்ச சந்திப்புல விபத்து எத்தனைன்னு வருஷா வருஷம் போடுங்க.

நம்ம நாட்டுச் சட்டம் ஒண்ணும் மோசமில்லை. 2021-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கேமரா இருக்கிற இடத்துல எச்சரிக்கைப் பலகை வைக்கணும், கருவிக்கு வருஷா வருஷம் சான்றிதழ் புதுப்பிக்கணும், 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், சலான் முடியற வரைக்கும் ஆதாரத்தை வெச்சிருக்கணும்னு சொல்லுது. இவ்வளவு யோசிச்சவங்களுக்கு மஞ்சளுக்கு ஒரு வரி பெரிய விஷயமா?

யோசிச்சுப் பாருங்க, இது ஒரு வினோதமான பிசினஸ். வருமானம் குறைஞ்சா சந்தோஷப்படணும். எல்லாரும் ஒழுங்கா நின்னு, அபராத வசூல் பூஜ்யம் ஆச்சுன்னா அதுதான் நூறு சதவீத வெற்றி. வசூல் ஏறிட்டே போகுதுன்னு பெருமைப்பட்டா, அது ரோட்டுப் பாதுகாப்பு இல்லை, டோல்கேட்.

அன்னிக்கு சிக்னலை நெருங்குறப்போ என் ஞாபகத்துல மஞ்சள்தான் எரிஞ்சது. போட்டோவுல சிவப்பு. நான் அவசரப்பட்டேனா, இல்லை அந்த 11 மீட்டர்ல மாட்டிக்கிட்டேனா? எனக்கே தெரியலை. எனக்கு வந்த சலான்ல தேதி, நேரம், இடம், வண்டி நம்பர் எல்லாம் இருந்தது. மஞ்சள் எத்தனை நொடின்னு மட்டும் இல்லை. அது இருந்திருந்தா, தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சு சத்தம் போடாம கட்டியிருப்பேன்.

இப்ப கட்டிட்டேன். ஆனா சத்தம் போடறேன் :)

(சித்தப்பா இனிமே பைக் தரமாட்டாராம். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குல எழுதறது?)