12 பேர் கையில் ஓர் உயிர்!
ஜூரிகளின் மனதை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மைகள்

அமெரிக்காவில் ஒருவன் மீது கொலை வழக்கு நடக்கிறது. அவன் குற்றவாளியா, இல்லையா என்று முடிவு செய்பவர்கள் யார்? பெரும்பாலும் நீதிபதி அல்ல, 12 பொதுமக்கள்!

கடைக்காரர், பள்ளி ஆசிரியை, லாரி டிரைவர் என்று ஊரிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சட்டம் படித்திருக்க வேண்டும் என்பது இல்லை. அவர்களுக்கு "ஜூரிகள்" என்று பெயர்.

நம் நாட்டிலும் இந்த முறை இருந்தது. 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி கொலை வழக்கைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதில் ஜூரிகள் 8 பேர் "குற்றவாளி அல்ல" என்றார்கள். ஒரே ஒருவர் "குற்றவாளி" என்றார். நீதிபதி அந்த முடிவை ஏற்கவில்லை. வழக்கை ஐகோர்ட்டுக்கு அனுப்பினார். ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1973-ம் ஆண்டு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிகளுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் ஜூரி முறை இன்றும் இருக்கிறது. எனவே, ஜூரிகளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று மனோதத்துவ நிபுணர்கள் அங்கே ஆராய்ந்து வருகிறார்கள்.

கண்ணாடி போடாத சாட்சி

எலிசபெத் லோப்டஸ் என்ற பெண் நிபுணர் 1974-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மளிகைக் கடையில் கொள்ளை. கடைக்காரரும் அவருடைய பேத்தியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இப்படி ஒரு கற்பனை வழக்கை எழுதி, பலரிடம் கொடுத்து, "நீங்களே ஜூரி. தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

தடயங்கள் மட்டும் இருந்தபோது, 100-க்கு 18 பேர்தான் "குற்றவாளி" என்றார்கள். "நான் கண்ணால் கண்டேன்" என்று ஒரு சாட்சியைச் சேர்த்ததும், அது 72 ஆக உயர்ந்தது!

மூன்றாவது கூட்டத்துக்கு இன்னொன்றும் சொல்லப்பட்டது. அந்தச் சாட்சிக்குப் பார்வை மிகவும் குறைவு. அன்று அவர் கண்ணாடி போடவில்லை. நின்ற இடத்திலிருந்து அவருக்கு முகம் தெரிந்திருக்கவே முடியாது. சாட்சியம் அடிபட்டுப் போயிற்று அல்லவா? அப்படியும் 100-க்கு 68 பேர் "குற்றவாளி" என்றே சொன்னார்கள்!

பிறகு மற்றவர்கள் இதே போன்ற சோதனைகளைச் செய்தபோது, எல்லோருக்கும் இதே விடை கிடைக்கவில்லை. சில சோதனைகளில் ஜூரிகள் பொய்த்த சாட்சியை ஒதுக்கியும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பத் தெரிந்தது. தடுமாறாமல் அடித்துப் பேசும் சாட்சியை ஜூரிகள் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

முதல் ஓட்டு

சாட்சியம் முடிந்ததும், ஜூரிகள் தனி அறையில் கூடிப் பேசுகிறார்கள். அங்கே மனம் மாறுமா?

சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த கால்வென், சீசல் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1966-ல் புத்தகம் வெளியிட்டார்கள். 215 வழக்குகளில், முதல் ஓட்டிலேயே ஒரு பக்கம் அதிகம் பேர் இருந்தார்கள். அவற்றில் 6 வழக்குகளில் மட்டுமே, குறைவாக இருந்தவர்கள் மற்றவர்களைத் தம் பக்கம் இழுத்தார்கள்! அதாவது, அறைக்குள் நுழையும் முன்பே பெரும்பாலும் முடிவு உருவாகிவிடுகிறது.

அதற்காக ஜூரிகளை மூடர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதே புத்தகத்தின்படி, 100-க்கு 78 வழக்குகளில் நீதிபதியின் கருத்தும் ஜூரிகளின் தீர்ப்பும் ஒன்றாகவே இருந்தன.

சிறையில் வாடியவர்கள்

ஆனால் தவறு நேர்ந்தால் அதன் விலை பெரிது. செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்ற பலர், மரபணுச் சோதனை வந்த பிறகு அமெரிக்காவில் விடுதலை ஆனார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வழக்கில், யாரோ ஒருவர் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருந்தார். பலர் பொய் சொன்னவர்கள் அல்ல. உண்மை என்று நம்பியே கை காட்டினார்கள்.

இதைக் கண்டு நியூஜெர்சி மாநில சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் ஒரு வழி செய்தது. "வெளிச்சம் இருந்ததா? எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் பார்த்தார்? சாட்சி உறுதியாகப் பேசுவதால் மட்டும் அது உண்மை ஆகிவிடாது" என்று நீதிபதிகள் ஜூரிகளுக்கு விளக்க வேண்டும் என்றது.

நம் ஊரில் ஜூரிகள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், தெருவே ஜூரி ஆகிவிடுகிறது! "அவன்தான், நான் பார்த்தேன்" என்று யாராவது சொல்லும்போது, அந்த மூன்று கேள்விகளையும் நாமும் கேட்டுப் பார்ப்பது நல்லது.