அணைதான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஆய்வு?

அணை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மூழ்க வேண்டிய காடு மூழ்கிவிட்டது. தண்ணீரும் எப்படியும் பாசனத்துக்குத் திறந்துவிடப்படுகிறது. போகிற தண்ணீரின் வழியில் ஒரு டர்பைனை வைத்து மின்சாரம் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இதற்குப் போய் சுற்றுச்சூழல் ஆய்வு, பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று ஏன் காலத்தையும் பணத்தையும் வீணாக்க வேண்டும்?

பழைய அணைகளில் நீர்மின் நிலையம் சேர்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே எழுகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள தேனி மாவட்டத்தைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

பொட்டிபுரம் கற்றுக்கொண்ட பாடம்

போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கும் சிறிய ஊர் பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் வந்ததால் இந்தியா முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது. அம்பரப்பர் மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, அதன் முடிவில் ஐம்பதாயிரம் டன் எடையுள்ள காந்தக் கருவியை நிறுவுவது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

சுற்றுச்சூழல் அனுமதி அதற்கு முன்பே, 2011இல் தரப்பட்டிருந்தது. ஆனால் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதும், ஆய்வறிக்கை தயாரித்த அமைப்புக்கு அதற்கான அங்கீகாரம் இருந்ததா என்பதும் கேள்வியாயின. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதைச் சிறப்பு நேர்வாக எடுத்துக்கொண்டு புதிய அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்து மனு தாக்கல் செய்தது.

நியூட்ரினோ நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே வேண்டாம். இந்த இழுபறியின் பெரும்பகுதி மலையைப் பற்றியதாக இல்லை, திட்டம் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதைப் பற்றியதாக இருந்தது. மலையைக் குடையும் வேலை, விதிகளின்படி "கட்டுமானத் திட்டம்" என்ற பிரிவில் வைத்துப் பார்க்கப்பட்டது. ஒரு திட்டம் மண்ணையும் நீரையும் என்ன செய்யும் என்று பார்ப்பதற்கு முன்பே, அதன் பெயரும் பிரிவும் பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன. நீர்மின் திட்டங்களிலும் இதே கதைதான். அங்கே தீர்மானிப்பது ஓர் எண்: 25 மெகாவாட்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டுக்குக் குறைவான நீர்மின் திட்டங்களுக்கு முன் அனுமதியே தேவையில்லை. அனுமதி தேவையில்லை என்றால் ஆய்வும் இல்லை, கருத்துக்கேட்பும் இல்லை. பழைய அணைகளிலும் ஆறுகளிலும் சேர்க்கப்படும் மின் நிலையங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

ஒரே தண்ணீர், இரண்டு வேலை

பழைய அணையில் மின்சாரம் சேர்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணை 1895இல் பாசனத்துக்காக மட்டுமே திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியதே பென்னிகுக்கின் சாதனை. பிறகு, தேக்கடியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரில் மின்சாரம் எடுக்கலாமே என்ற யோசனை வந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் ஒப்புக்கொள்ளவில்லை. 1886 ஒப்பந்தம் பாசனத்துக்கு மட்டும்தான் நீரைத் தருகிறது என்று வாதிட்டது. விவகாரம் நடுவர் வரை போனது. 1941இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி அளித்த தீர்ப்பு திருவிதாங்கூரின் பக்கம் நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. லோயர் கேம்பில் மின் நிலையம் கட்டப்பட்டு 1958 முதல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. 1965இல் நான்காவதும் சேர்ந்தபோது மொத்தத் திறன் 140 மெகாவாட். 1970இல் கையெழுத்தான துணை ஒப்பந்தங்கள் நிலத்துக்கான குத்தகையை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தின. மின்சாரத்துக்காகக் கேரளத்துக்குத் தனியே பணம் கொடுக்கவும் வழி செய்தன.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. "அதே தண்ணீர்தானே, மின்சாரம் எடுத்தால் என்ன மாறிவிடும்?" என்ற கேள்விக்கு இரண்டு அரசுகளும் சேர்ந்து சொன்ன பதில், "மாறும்" என்பதுதான். மாறாது என்றால் நடுவர் எதற்கு, புதிய ஒப்பந்தம் எதற்கு, கட்டணம் எதற்கு? நீரின் பயன்பாடு மாறினால் உரிமைக் கணக்கு மாறும் என்று 1941லேயே தெரிந்திருந்தது. ஆற்றின் கணக்கும் மாறுமே என்று கேட்கத்தான் அன்று ஆளும் இல்லை, சட்டமும் இல்லை. இன்று சட்டம் இருக்கிறது. கேள்விதான் 25 மெகாவாட்டில் நின்றுவிடுகிறது.

ஆற்றுக்கு என்ன ஆகும்?

டர்பைன் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை, உண்மைதான். ஆனால் அது மூன்று விஷயங்களை மாற்றக்கூடும்.

முதலாவது, நேரம். நெல்லுக்கு நாள் முழுக்கச் சீரான நீர் வேண்டும். மின் கட்டமைப்புக்கு மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அதிக மின்சாரம் வேண்டும். திறப்பு மின் தேவையைப் பின்பற்றினால் ஆறு ஒரு நாளிலேயே பல முறை ஏறி இறங்கும். ஆற்று மட்டம் இறங்கினால் கால்வாய்களின் தலைமதகில் நீர் ஏறாது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர். அதற்கு அப்பால் 18ஆம் கால்வாய் உத்தமபாளையம், போடி வட்டங்களின் கண்மாய்களை நம்பியிருக்கும் நிலங்களுக்குப் போகிறது. கடைமடையில் இருப்பவருக்கு மொத்தக் கன அடி எவ்வளவு என்பதைவிட, தண்ணீர் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். திடீரென ஏறும் நீர், ஆற்றில் குளிப்பவர்களுக்கும் ஆடு மாடு ஓட்டிச் செல்பவர்களுக்கும் ஆபத்து என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வழி. அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடையே நீர் குழாயில் போனால், அந்த இடைவெளியில் பழைய ஆற்றுத் தடம் காய்ந்து போகும். லோயர் கேம்பிலேயே இதைப் பார்க்கலாம். மின்சாரம் எடுக்கும்போது நீர் ராட்சதக் குழாய்களில் இறங்குகிறது. குடிநீருக்காக மட்டும் குறைவாகத் திறக்கும்போது அது இரைச்சல் பாலம் வழியாகப் பாய்கிறது. நீர் எந்த வழியில் போகும் என்பதை மின் உற்பத்தியின் தேவை முடிவு செய்கிறது.

மூன்றாவது, நீரின் தன்மை. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியில் உள்ள நீர் குளிர்ந்தது, கரைந்த ஆக்சிஜன் குறைந்தது. மதகு வழியே கொட்டும்போது நுரைத்துச் சிதறி காற்றைக் கலந்துகொள்ளும். டர்பைன் வழியே அமைதியாக வெளியேறும்போது அந்த வாய்ப்பு குறைகிறது. மீனுக்கு இது மூச்சுப் பிரச்சினை.

இவை எல்லாமே எல்லா அணையிலும் நடக்கும் என்பதில்லை. பாசனத்துக்குத் திறக்கும் நீரில் மட்டும், பாசன அட்டவணைப்படி மட்டும் மின்சாரம் எடுத்தால் முதல் பாதிப்பு ஏறக்குறைய இல்லாமலேயே போகும். அணையின் அடியிலேயே மின் நிலையம் இருந்தால் இரண்டாவதும் இல்லை. அதாவது, கெடுதல் உண்டா இல்லையா என்பதை வடிவமைப்பும் இயக்க விதியும்தான் தீர்மானிக்கின்றன, மெகாவாட் அல்ல. 4 மெகாவாட் நிலையம் ஒரு சிற்றாற்றைக் காயவைத்துவிட முடியும். 40 மெகாவாட் நிலையம் சரியாக இயக்கப்பட்டால் ஆற்றுக்குத் தெரியாமலேயே ஓடவும் முடியும்.

இன்னொன்றும் உண்டு. லோயர் கேம்பில் வெளியேறும் நீரில், கீழே முல்லையாற்றின் போக்கில் சிறு நீர்மின் நிலையங்கள் அடுத்தடுத்து மின்சாரம் எடுக்கின்றன. சுருளியாறு மின் நிலையம் மேகமலையின் நீரை வாங்கி 35 மெகாவாட் தருகிறது. கடைசியில் வைகை அணையிலும் 6 மெகாவாட் நிலையம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை சிறியவை. சேர்த்துப் பார்த்தால் ஒரே ஆறு மலையிலிருந்து ஆண்டிபட்டி வரை படிப்படியாக எந்திரத்துக்கு நுழைந்து நுழைந்து வருகிறது. இந்த மொத்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இன்றைய விதியில் சிறு திட்டம் எதற்கும் இல்லை.

எதிர்வாதமும் நியாயமானதே

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புதிய அணை கட்டி, காட்டையும் ஊரையும் மூழ்கடிப்பதைவிட, இருக்கிற அணையிலிருந்து கூடுதல் பயன் பெறுவது எவ்வளவோ மேல். உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, இருக்கும் அணைகளின் பயனைக் கூட்டுவதை முக்கியமான வழியாக முன்வைத்தது. அமெரிக்காவில் சுமார் 90,000 அணைகள் இருந்தும் மின்சாரம் தருபவை மூன்று சதவீதத்துக்கும் குறைவு. மின்சாரம் எடுக்காத அணைகளில் 12,000 மெகாவாட் வரை எடுக்கலாம் என்று அந்நாட்டு எரிசக்தித் துறை 2012இல் கணக்கிட்டது. சூரிய ஒளியும் காற்றும் ஓய்ந்த நேரத்தில் கைகொடுக்கக்கூடியது நீர்மின்சாரம்.

இதற்குப் பெரிய அனல்மின் நிலையத்துக்கான ஆய்வை அப்படியே சுமத்தினால் சின்னத் திட்டங்கள் செலவிலேயே செத்துப்போகும் என்ற பயமும் பொய்யில்லை.

ஆனால் அதே அமெரிக்காவில், ஒஹையோ ஆற்றின் பழைய அணைகளில் மின் நிலையங்கள் சேர்க்கப்பட்டபோது ஆய்வு இல்லாமல் விடவில்லை. ஆற்றின் இயல்பான ஓட்டத்தை மாற்றாமல் இயக்குவது, ஆக்சிஜன் அளவு, மீன்கள் எல்லாம் உரிமத்தின்போது பார்க்கப்பட்டன. ஆய்வும் நடந்தது, மின் நிலையமும் வந்தது. ஒன்று வந்தால் மற்றொன்று வராது என்பது வெறும் பயம்.

என்ன செய்யலாம்?

தேவை பெரிய ஆய்வு அல்ல, சரியான ஆய்வு. 25 மெகாவாட்டுக்குக் கீழே உள்ள திட்டத்துக்கும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கட்டாயமாக்கப்பட வேண்டும். தண்ணீரை எப்போது திறப்பது என்று முடிவு செய்வது நீர்வளத் துறையா, மின்வாரியமா? வறண்ட மாதங்களில் ஆற்றில் குறைந்தபட்சம் எவ்வளவு ஓடும்? வெளியேறும் நீரின் வெப்பமும் ஆக்சிஜனும் அளக்கப்பட்டு வெளியிடப்படுமா? அதே ஆற்றில் மேலும் கீழும் உள்ள நிலையங்களோடு சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும்?

வறண்ட கால ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதமாவது எல்லா ஆறுகளிலும் ஓட வேண்டும் என்று 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களுக்குச் சொன்னது. இரண்டாவது கேள்விக்கு அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். பதில்களைத் தமிழில் எழுதி, கருத்துக்கேட்பை சென்னையில் அல்ல, உத்தமபாளையத்திலோ போடியிலோ ஒரு நாள் நடத்தினால் போதும். 2020இல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை மாநில மொழிகளில் தருவதற்கே டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மதகு எப்போது திறக்கிறது, நீர் எத்தனை நாளில் கடைமடைக்கு வருகிறது என்பது அங்குள்ள விவசாயிக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் தெரியாது.

இதைச் செய்தால் மின்வாரியத்துக்கும் லாபம்தான். முன்கூட்டியே பேசி முடித்த திட்டம் நீதிமன்றத்தில் பத்து ஆண்டு நிற்காது. பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பொட்டிபுரமே சாட்சி.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். ஆற்றிலிருந்து எடுப்பதற்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். அணை யார் காலத்திலோ கட்டியதாக இருக்கலாம். அதில் இன்று சேர்க்கும் எந்திரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது இன்றைய அரசுதான்.