தேசிக்காய்த் தண்ணிக் கணக்கு



அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கிற குடும்பங்கள் பலதில் வியாபாரப் பாடம் ஏழெட்டு வயதிலேயே தொடங்குது. வழமையான பயிற்சி, வாசலில் மேசை போட்டுத் தேசிக்காய்த் தண்ணி விற்பது. விற்ற காசில் தேசிக்காய், சீனிச் செலவைக் கழித்தால் மிச்சம் லாபம்.

சரி, பிழிஞ்ச தம்பிக்குக் கூலி எங்கே? மேசை போட்ட இடத்துக்கு வாடகை கட்டினது ஆர்?

மொனோப்பொலியும் இப்படித்தான். அதன் மூலமான 'நிலவுடைமையாளர் விளையாட்டு'க்கு எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்றார். நில வாடகை ஒருவரைக் கொழுக்க வைத்து மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவதைக் காட்டத்தான் அதைச் செய்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் 500 டொலருக்கு அவருடைய உரிமையை வாங்கியது. இண்டைக்குப் பிள்ளைகள் அதில் படிக்கிறது, மற்றவனை எப்படி வாடகையால் விழுத்துவது என்பதைத்தான்.

காசுக் கணக்கு பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேணும். வட்டி தெரியாமல் கடன் அட்டை எடுத்தால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கே தெரியும். ஆனால் தம்பி தங்கச்சிக்கு, மருமக்களுக்குச் சொல்லிக் குடுக்கேக்க அதே கொப்பியில் இரண்டு வரி கூட்டுங்கோ: கூலி, வாடகை. பிறகு, மிச்சத்தை எப்படிப் பங்கு போடலாம் எண்டு அவையளையே கேளுங்கோ.